என்.எஃப்.எல். 13.8 என்றால் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறதா?

ஜனவரி 9, காலை (கேள்வி)

வயது 36. மூளை, தண்டுவட நரம்புகளை உடம்பின் எதிர்ப்பு சக்தியே தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்று சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் ரத்தத்தில் நியூரோஃபிலமென்ட் லைட் செயின் (என்.எஃப்.எல்.) என்ற புரதத்தைப் பார்த்தார்கள். மில்லிலிட்டருக்கு 13.8 பிகோகிராம். பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. டாக்டரைப் பார்க்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. தேடிப் பார்த்தால் "நரம்புச் சேதத்தின் அளவுகோல்" என்று போட்டிருக்கிறது. நான் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நரம்பு செத்துக்கொண்டிருக்கிறதா? இன்னொருவர், இனி எம்.ஆர்.ஐ. வேண்டாம், ரத்தமே போதும் என்கிறார். யாராவது புரியும்படி சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு

முதலில் அந்த அம்புக்குறியை மறந்துவிடுங்கள். அதைப் போட்டது கணினி. அதற்கு உங்கள் எடை தெரியாது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாது, போன மாதம் எங்கே போய் இடித்துக்கொண்டீர்கள் என்றும் தெரியாது.

எனக்கு எம்.எஸ். வந்து பதினோரு வருடம். இடது கண்ணில் தொடங்கியது. சிவப்பெல்லாம் வெளுத்துப்போய்ப் பழைய செங்கல் நிறமாகத் தெரிந்தது. அந்தக் காலத்தில் இந்த ரத்தப் பரிசோதனை ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை. இப்போது வந்துவிட்டது, கூடவே தூக்கம் கெடுகிற ராத்திரிகளும் வந்துவிட்டன.

13.8 பெரிய எண் இல்லை. என்னுடையது 17.4 வரை போனது. இன்னும் நடக்கிறேன். ஒற்றை எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மயலின் உறை உதிர்ந்து ரத்தத்தில் கலப்பதைத்தான் இது காட்டுகிறது, மயலின் திரும்ப வளரக்கூடியதுதானே. தூங்குங்கள்.

ஜனவரி 10

நேற்று பாதித் தூக்கத்தில் எழுதிய கடைசி வரி தப்பு. மயலினுக்கும் இந்தப் புரதத்துக்கும் நேரடி உறவு இல்லை.

நரம்புச் செல்லுக்கு ஒரு நீண்ட வால் உண்டு, ஆக்சான். மயலின் அதற்கு மேலே சுற்றியிருக்கும் உறை. ஆக்சானுக்கு உள்ளே நீளவாக்கில் இழைகள் ஓடுகின்றன. அவைதான் நியூரோஃபிலமென்ட். ஆக்சானுக்குப் பருமன் கொடுப்பவை அவை. பருமனான ஆக்சானில் சமிக்ஞை வேகமாக ஓடும். அந்த இழையில் எடையை வைத்து லைட், மீடியம், ஹெவி என்று மூன்று வகைப் புரதம் பிரித்திருக்கிறார்கள். நாம் அளப்பது லைட். ஆக்சான் அறுந்தாலோ நைந்தாலோ அது கசிந்து தண்டுவட நீருக்கு வரும், அங்கிருந்து கொஞ்சம் ரத்தத்துக்கு வரும்.

ஆக, உறை உரிந்ததை இது சொல்வதில்லை, உள்ளே இருக்கும் கம்பி அறுந்ததைச் சொல்கிறது. ஆறுதலாகச் சொல்ல வந்து தலைகீழாகச் சொல்லிவிட்டேன்.

எம்.எஸ். என்றால் மயலின் போகும் நோய் என்றே நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 1868-இல் பாரிஸில் இதை விரிவாக விவரித்த ஷார்கோ காலத்திலிருந்தே ஆக்சானும் அடிபடுகிறது என்பது தெரியும், ஆனால் அது ஓரமாகவே கிடந்தது. 1998-இல் புரூஸ் டிராப்பின் குழு, இறந்த நோயாளிகளின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் வைத்து எண்ணிப் பார்த்தது. சூடாக இருக்கும் புண்களில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 11,000-க்கு மேல் அறுந்த ஆக்சான்கள். நோய் இல்லாதவர் மூளையில் ஒன்றுகூடத் தேறவில்லை. இந்த எண்ணை முதல்முறை படித்தபோது நான் எழுந்து போய்க் கொஞ்ச நேரம் மாடியில் நின்றேன்.

ஜனவரி 11

"பிகோகிராம் என்கிறீர்களே, அது எவ்வளவு?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கணக்கு எனக்குப் பிடிக்கும், அதனால் போட்டுப் பார்த்தேன். பெரியவர் உடம்பில் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, சுமார் 3 லிட்டர். மில்லிலிட்டருக்கு 10 பிகோகிராம் என்றால் உடம்பு முழுவதிலும் சேர்த்து 30 நானோகிராம். பொடி உப்பில் ஒரு துகளை எடுத்து ஆயிரம் துண்டாக உடைத்தால் கிடைக்கும் ஒரு துண்டைவிடக் குறைவு. இதைத்தான் நாம் 9 என்றும் 17 என்றும் வைத்துக்கொண்டு அழுகிறோம்.

முன்பெல்லாம் தண்டுவட நீரில் மட்டும்தான் பார்க்க முடிந்தது, ஏனென்றால் அங்கே ரத்தத்தைவிட நாற்பது ஐம்பது மடங்கு அதிகம். அதற்கு முதுகில் ஊசி. எனக்கு ஒரு தடவை எடுத்தார்கள். அதன்பின் மூன்று நாள் தலையைத் தூக்க முடியவில்லை, அந்தக் கதை இங்கே வேண்டாம். பழைய எலைசா முறைக்கு ஒரு மில்லிலிட்டரில் 78 பிகோகிராமாவது இருந்தால்தான் நிச்சயமாகத் தெரியும். அடுத்து வந்த முறை 15.6 வரை இறங்கியது. சிமோவா வந்தபின் 0.62. ஒரே ஆய்வில் மூன்றையும் ஒப்பிட்டபோது கிடைத்த எண்கள் இவை. ஆரோக்கியமான இளவயது ஆளின் ரத்தத்தில் 5, 6 என்று இருக்கும்போது 78-இல் தொடங்கும் கருவி குருடுதான்.

சிமோவா செய்வது இதுதான். எதிர்ப்புரதம் பூசிய நுண்மணிகளை ரத்தத்தில் கலக்கிறார்கள். பிறகு அந்த மணிகளை, ஒரு குழிக்கு ஒன்று மட்டும் கொள்ளும் அளவுள்ள குட்டிக் குழிகளில் உட்கார வைக்கிறார்கள். பிடித்த மணி ஒளிரும், பிடிக்காதது இருட்டாக இருக்கும். பிறகு ஒளிரும் குழிகளை எண்ணவேண்டியதுதான். டேவிட் வால்ட் குழு 2010-இல் வெளியிட்ட யோசனை. மொத்த வெளிச்சத்தை அளக்காமல் விளக்குகளை ஒவ்வொன்றாக எண்ணுவது! வேலையில் முப்பது வருடம் பேரேடு எழுதிய என் அப்பாவுக்கு இதைச் சொன்னபோது, "அதுதான் சரியான முறை" என்றார்.

ஜனவரி 14

13.8 பெரிய எண் இல்லை என்று நான் முதல் நாள் சொன்னதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். என் 17.4-ஐக் கேட்டவரின் 13.8-க்குப் பக்கத்தில் வைத்தது மடத்தனம்.

வயது ஏற ஏற இது தானாகவே ஏறும். நோய் இல்லாதவர்களிடமே வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம். அறுபதைத் தாண்டியவருக்குப் பதினைந்து சாதாரணம், முப்பதுகளில் இருப்பவருக்கு அதே பதினைந்து சாதாரணம் இல்லை. உடல் எடை கூடினால் எண் குறையும். ரத்தத்தின் கொள்ளளவு கூடி நீர்த்துப்போகிறது என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் காரணம். சிறுநீரகம் மந்தமாக இருந்தால் எண் ஏறும்.

இதற்காகத்தான் 2022-இல் சுவிட்சர்லாந்துக் குழு ஒன்று, எம்.எஸ். இல்லாத 5,390 பேரின் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகளை வைத்து வயதுக்கும் உடல் நிறைக் குறியீட்டுக்கும் ஏற்ற அட்டவணை போட்டது. அதிலிருந்து வருவது இசட் மதிப்பெண். உங்கள் வயதும் எடையும் உள்ள ஆரோக்கியமான நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்பதுதான் அது. இசட் 1.5 என்றால் 93 பேர் உங்களுக்குக் கீழே. எம்.எஸ். உள்ளவர்களில் 1.5-ஐத் தாண்டியவர்களுக்கு, அடுத்த வருடம் நோய் தலைகாட்டும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. பார்ப்பதற்கு எல்லாம் அமைதியாக இருந்தவர்களிடமும் அப்படித்தான்.

கேட்டவரே, உங்கள் உயரம், எடை, சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின், குழாயின் மூடி என்ன நிறம், எந்த இயந்திரம், இவற்றைக் கேட்டு வாங்குங்கள். ஊதா மூடிக் குழாயில் எடுத்த பிளாஸ்மாவில் எண் சீரத்தைவிட (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்) கொஞ்சம் குறைவாக வரும். இயந்திரத்துக்கு இயந்திரமும் மாறும்.

ஜனவரி 15

மூடி நிறம் கேட்டால் ஆய்வுக்கூடத்தில் முறைக்கிறார்களாம். முறைக்கட்டும். நான் கேட்டபோது, "நீங்கள் டாக்டரா?" என்றார்கள். "இல்லை, கைக்குச் சொந்தக்காரன்" என்றேன்.

ஜனவரி 19

17.4 கதையைக் கேட்கிறார்கள். சொல்கிறேன்.

போன மார்ச்சில் ஓர் ஆய்வுக்கூடத்தில் 9.1. வயது 42, தினமும் ஒரு ஃபிங்கோலிமோட் மாத்திரை, புதுத் தொந்தரவு எதுவும் இல்லை. நவம்பர் கடைசியில் வேறோர் ஆய்வுக்கூடத்தில் 17.4. ஏறக்குறைய இரண்டு மடங்கு. அன்று ராத்திரி சக்கர நாற்காலிகளின் அகலத்தையும் எங்கள் குளியலறைக் கதவின் அகலத்தையும் அளந்து பார்த்தேன். உண்மையாகவே அளவு நாடா வைத்து.

டிசம்பரில் மூளை எம்.ஆர்.ஐ. புதுப் புள்ளி ஒன்றும் இல்லை. டாக்டர், இயந்திரம் வேறு, காத்திருந்து பார்க்கலாம் என்றார். நானும் உட்கார்ந்து காரணங்களைச் சேர்த்தேன். அந்த இடைவெளியில் எட்டுக் கிலோ இளைத்திருந்தேன். நவம்பர் தொடக்கத்தில் படியில் சறுக்கி விழுந்து பின்மண்டையில் நல்ல அடி. தலையில் அடிபட்டால் இந்த எண் வாரக்கணக்கில் ஏறி நிற்கும், குத்துச்சண்டைக்காரர்களிடம் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஆக இயந்திரம், எடை, மண்டை என மூன்று சாட்சி. வழக்கு தள்ளுபடி.

அதனால்தான் முதல் நாள் அவ்வளவு தைரியமாகத் தூங்கச் சொன்னேன்.

ஜனவரி 20

ஓர் அக்கா கேட்டிருக்கிறார்: "எட்டுக் கிலோ குறைந்தால் எண் இரண்டு மடங்காகுமா?" ஆகாது. கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். "பின்மண்டை அடியில் மயக்கம், வாந்தி ஏதாவது?" இல்லை. புடைப்பு மட்டும். "அப்படியென்றால் அதுவும் அவ்வளவு தூக்காதே."

சரி அக்கா. மிச்சம் இருப்பது இயந்திரம் மட்டும். அதே இரண்டாவது ஆய்வுக்கூடத்தில், அதே குழாயில், அடுத்த வாரம் மறுபடி எடுக்கிறேன். இங்கே எழுதிவிட்டதால் இனிப் பின்வாங்க முடியாது.

ஜனவரி 22

கேட்டவர் டாக்டரைப் பார்த்துவிட்டாராம். இசட் மதிப்பெண் போட்டுப் பார்த்ததில் 1.9. மூளை, தண்டுவடம் இரண்டுக்கும் ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள். "தூங்கச் சொன்னீர்களே" என்று மட்டும் எழுதியிருக்கிறார். பதில் எழுத உட்கார்ந்து இரண்டு தடவை அழித்தேன். மன்னியுங்கள்.

ஸ்கேன் வேண்டாம், ரத்தம் போதும் என்றவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளம் வடிந்த ஆற்றில் உத்திரக்கட்டை மிதந்து வந்தால், மேலே எங்கோ வீடு இடிந்திருக்கிறது என்று தெரியும். எந்த ஊர், யார் வீடு, புயலா, பழசாகித் தானே விழுந்ததா என்று கட்டை சொல்லாது. என்.எஃப்.எல். அந்தக் கட்டைதான். அது மூளைக்கு மட்டும் உரியதும் இல்லை. கை கால் நரம்புகளிலும் அதே புரதம்தான். சர்க்கரை நோயில் பாத நரம்பு கெட்டாலும் ஏறும், சில கீமோ மருந்துகளாலும் ஏறும், பக்கவாதத்திலும் ஏறும். எம்.எஸ்.ஸுக்கே ஸ்டெம் செல் மாற்று செய்துகொண்டவர்களிடம், சிகிச்சை முடிந்த கையோடு எண் கொஞ்ச காலம் மேலே போய்ப் பிறகு இறங்குகிறது. குணப்படுத்தப் போனதும் கணக்கில் விழுகிறது.

நோயைக் கண்டுபிடிக்கும் மெக்டொனால்டு அளவுகோல்களிலும் இது இல்லை. 2024 திருத்தத்தில் தண்டுவட நீரின் கப்பா லைட் செயினைச் சேர்த்தார்கள், பார்வை நரம்பைச் சேர்த்தார்கள். இதைச் சேர்க்கவில்லை. பெயரில் இரண்டும் லைட் செயின், ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தம் கிடையாது. கப்பா எதிர்ப்புரதத்தின் துண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு நான் ஒரு மாதம் திரிந்திருக்கிறேன்.

ஜனவரி 30

11.6!

அதே ஆய்வுக்கூடம், அதே மூடி, அதே இயந்திரம். 17.4-லிருந்து 11.6. அக்கா, பார்த்தீர்களா?

ஜனவரி 31

நேற்றைய ஆச்சரியக்குறியைப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. காலையில் பல் தேய்க்கும்போது உறைத்தது.

இயந்திரம்தான் காரணம் என்றால், அதே இயந்திரம் இப்போதும் 17 பக்கம் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. எடையும் நவம்பரில் இருந்த அதே எடைதான். அப்படியென்றால் 17.4 உண்மை. ஏதோ ஒன்று ஏறியிருக்கிறது, இரண்டு மாதத்தில் இறங்கியிருக்கிறது. புதுப் புண் ஒன்று வந்தால் எண் சில வாரங்களில் உச்சத்துக்குப் போய், மாதக்கணக்கில் மெல்ல இறங்கும் என்று படித்திருக்கிறேன். அச்சு அசல் அந்த வளைவு. எண் இறங்கியதுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. ஏறியே நின்றிருந்தால் இன்னும் இயந்திரத்தைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

மண்டை அடி இன்னும் சாட்சிக் கூண்டில் நிற்கிறது, அதுவும் இப்படித்தான் ஏறி இறங்கும். ஆனால் இன்னொன்று இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. அக்டோபரில் சில நாள், கழுத்தைக் குனிந்தால் முதுகுவழியாக மின்சாரம் ஓடியதுபோல் இருந்தது. லெர்மிட் அறிகுறி என்று பெயர். எம்.எஸ். காரர்கள் எல்லோருக்கும் இந்தப் பெயர் தெரியும். எனக்கும் தெரியும். செருப்பு மாட்டும்போது மட்டும் வந்தது, அதனால் உட்கார்ந்து மாட்டத் தொடங்கினேன். அவ்வளவுதான் நான் அதற்குச் செய்த வைத்தியம்.

டிசம்பர் ஸ்கேன் மூளைக்கு மட்டும். லெர்மிட் வருவது பெரும்பாலும் கழுத்துப் பகுதித் தண்டுவடத்திலிருந்து. தண்டுவடத்தைக் கடைசியாக ஸ்கேன் செய்து நான்கு வருடம்.

பிப்ரவரி 4

தண்டுவட ஸ்கேனுக்குத் தேதி வாங்கிவிட்டேன். இருபது நாள் காத்திருக்க வேண்டும், அதுவரை வேறு பேசுவோம்.

"இது எப்போது தொடங்கியிருக்கும்?" என்று ஒருவர் கேட்டார். அமெரிக்க ராணுவத்தில் வீரர்களின் ரத்தச் சீரத்தைப் பல வருடங்களாகச் சேமித்து வைக்கிறார்கள். பின்னால் எம்.எஸ். வந்தவர்களின் பழைய மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது, முதல் அறிகுறிக்குச் சுமார் ஆறு வருடம் முன்பே சிலரிடம் என்.எஃப்.எல். உயர்ந்திருந்தது. 2020-இல் வந்த ஆய்வு. 2022-இல் அதே கிடங்கிலிருந்து இன்னும் பெரியது வந்தது. ஒரு கோடிப் பேர், அதில் எம்.எஸ். வந்தவர்கள் 955. எப்ஸ்டீன் பார் வைரஸ் தொற்றியபின் எம்.எஸ். வரும் ஆபத்து 32 மடங்கு. என்.எஃப்.எல். உயர்ந்ததும் அந்தத் தொற்றுக்குப் பிறகுதான், முன்னால் இல்லை. எது முன்னால் வந்த குதிரை, எது பின்னால் வந்த வண்டி என்று காட்டியதில் இந்தப் புரதத்துக்கும் பங்கு உண்டு.

என் கண் மங்குவதற்கு ஆறு வருடம் முன்னால் எனக்கு 25 வயது. அப்போது வாழ்க்கையிலேயே அதிகமாக ஓடிக்கொண்டிருந்தேன், நீள ஓட்டம், வாரத்துக்கு நாற்பது கிலோமீட்டர். அந்த நாட்களை இப்போது வேறு மாதிரி நினைக்க வேண்டியிருக்கிறது. பிடிக்கவில்லை.

பிப்ரவரி 6

"மருந்து கொடுத்தால் எண் குறைகிறதே, அப்புறம் என்ன சந்தேகம்?"

குறைகிறது. நடாலிசுமாப் என்ற எம்.எஸ். மருந்தைத் தொடங்கியவர்களின் தண்டுவட நீரில் இறங்கியது, நான் விழுங்கும் ஃபிங்கோலிமோட் ஆய்வுகளிலும் ரத்தத்தில் இறங்கியது. தசைகளை இயக்கும் நரம்புகள் சாகும் ஏ.எல்.எஸ். நோயில் இன்னும் ஒருபடி மேலே போய்விட்டார்கள். எஸ்.ஓ.டி.1 மரபணுப் பிழை உள்ளவர்களுக்கான டோஃபெர்சன் மருந்துக்கு 2023 ஏப்ரலில் அமெரிக்காவில் துரித அனுமதி கிடைத்தது முக்கியமாக இந்த எண் இறங்கியதை வைத்துத்தான்.

ஆனால் எம்.எஸ்.ஸுக்காகச் சோதித்த எவோபுரூட்டினிப் மருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கட்டச் சோதனையில் என்.எஃப்.எல்.-ஐ இறக்கியது என்று எவ்வளவு பேசினார்கள்! 2023 டிசம்பரில் மூன்றாம் கட்டம் வந்தது. ஏற்கெனவே இருக்கும் டெரிஃப்ளுனோமைடைவிட மறுதாக்குதலைக் குறைக்க முடியவில்லை. அதற்காக எண் பொய் சொல்லியது என்று அர்த்தமில்லை, ஒப்பிட்டதே ஒரு நல்ல மருந்தோடு. ஆனாலும் எண் இறங்கினால் ஆள் நன்றாக இருப்பான் என்று நேர்க்கோடு போடும் ஆசை எனக்கு அன்றோடு போயிற்று.

பிப்ரவரி 11

ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். வயது 61, பதினெட்டு வருடமாக எம்.எஸ்., பத்து வருடமாக ஒரு தாக்குதலும் இல்லை, என்.எஃப்.எல். வயதுக்கு ஏற்றபடி அமைதி. ஆனால் முன்பு கைத்தடி இல்லாமல் போன தூரத்துக்கு இப்போது இரண்டு தடி. "அப்படியானால் என் நரம்பு நன்றாக இருக்கிறதா?"

ஐயா, இங்கே வந்ததிலேயே பெரிய கேள்வி இதுதான். தாக்குதல் இல்லாமலே மெல்ல மெல்ல இழப்பது. ஆங்கிலச் சுருக்கத்தில் பைரா என்கிறார்கள். என்.எஃப்.எல். கூச்சல் போடுவது பெரும்பாலும் புது அழற்சிக்கு. கொஞ்சம் கொஞ்சமாக வருடக்கணக்கில் உதிரும்போது அது வயதின் இரைச்சலில் மூழ்கிவிடலாம். அங்கேதான் ஜி.எஃப்.ஏ.பி. என்ற இன்னொரு புரதத்தைப் பார்க்கிறார்கள். அது ஆக்சானிலிருந்து வருவதில்லை, மூளையில் நட்சத்திர வடிவில் இருக்கும் துணைச்செல்களிலிருந்து வருகிறது. 2023-இல் சுவிட்சர்லாந்து நோயாளிகளிடம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஜி.எஃப்.ஏ.பி. மெல்லக் கூடும் இயலாமையோடும், என்.எஃப்.எல். திடீர் அழற்சியோடும் அதிகம் ஒட்டி நின்றன. ஜி.எஃப்.ஏ.பி. அல்சைமரிலும் ஏறும், தலையில் அடிபட்டாலும் ஏறும். மூளை அடிக்கு ரத்தப் பரிசோதனை என்று 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதில் அதுவும் ஒன்று.

அதனால் ஐயா, உங்கள் என்.எஃப்.எல். அமைதியாக இருக்கிறது என்றால் புதிதாகப் பெரிதாக எரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு தடியும் சொல்வதை இந்தப் பரிசோதனை மறுக்க முடியாது. டாக்டர் "ரத்தம் நார்மல்" என்று சொல்லி அனுப்பினால், நடந்த தூரத்தை எழுதிக்கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.

பிப்ரவரி 12

மேலே "எரியவில்லை" என்று எழுதிவிட்டேன். நெருப்பு, புகை உவமையெல்லாம் வேண்டாம் என்று எனக்கு நானே சத்தியம் செய்திருந்தேன். போகட்டும்.

பிப்ரவரி 25

ஸ்கேன் வந்துவிட்டது. கழுத்தில் நான்காவது எலும்பு மட்டத்தில் தண்டுவடத்தில் ஒரு புண். நான்கு வருடம் முந்தைய படத்தில் இல்லை. சாயம் ஏற்றியும் ஒளிரவில்லை. புதுப் புண் சாயத்தை வாங்கி ஒளிர்வது சில வாரங்கள்தான், அதனால் அக்டோபரில் வந்தது இப்போது ஒளிராததில் ஆச்சரியமில்லை.

ஆனால் ஒளிராததாலேயே அதன் பிறந்தநாளை யாரும் சத்தியம் செய்து சொல்ல முடியாது. நான்கு வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் வந்திருக்கலாம். செருப்பு மாட்டும்போது வந்த மின்சாரம், 17.4, அப்புறம் 11.6, மூன்றையும் வரிசையாக வைத்தபின் டாக்டர் அக்டோபர்தான் என்று நினைக்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். மண்டைப் புடைப்பு கொஞ்சம் உதவியிருக்கலாம் என்றார், எனக்கு ஆறுதலுக்காகச் சொன்னது போலிருந்தது.

என்னை உறுத்துவது வேறு. எண் நவம்பரிலேயே சொல்லிவிட்டது. கழுத்து அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுபோக வேண்டிய ஒரே ஆள் நான். ஒன்றுக்கு இயந்திரம் என்று பெயர் வைத்தேன், இன்னொன்றுக்குச் செருப்பு என்று பெயர் வைத்தேன்.

பிப்ரவரி 26

"அப்போது ஜனவரி 9-ஆம் தேதிப் பதிவை அழித்துவிடலாமே?" அழிக்க மாட்டேன். "தூங்குங்கள்" என்று எழுதியது அங்கேயே கிடக்கட்டும். அடுத்து யாராவது தேடிக்கொண்டு வந்தால் முதலில் அதைப் படிப்பார்கள், பிறகு இதுவரை இறங்கி வருவார்கள் என்று நம்புகிறேன்.

மார்ச் 3

கேட்டவரின் ஸ்கேன்: மூளையில் இரண்டு சின்னப் புதுப் புள்ளிகள், ஒன்று ஒளிர்கிறது. அவருக்கு அறிகுறியே இல்லை. மருந்தை மாற்றுகிறார்கள். "அம்புக்குறிக்கு நன்றி சொல்லவா திட்டவா?" என்கிறார். இரண்டும் செய்யலாம்.

மார்ச் 17

எனக்கும் மருந்து மாறுகிறது. பி-செல்கள் என்ற எதிர்ப்பு சக்தி வெள்ளணுக்களைக் காலிசெய்யும் ஓக்ரெலிசுமாப், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தக் குழாயில் ஏற்றுவது. ஃபிங்கோலிமோடைத் திடீரென நிறுத்தினால் நோய் சீறிக்கொண்டு திரும்பலாம் என்பதால் இடைவெளியை அதிகம் விடமாட்டார்கள். அதற்குள் ஹெபடைட்டிஸ் பி பார்க்க வேண்டும், இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்புரத அளவு) பார்க்க வேண்டும், தடுப்பூசிப் பட்டியலை முடிக்க வேண்டும்.

முதல் டோஸுக்கு முன்னால் ஒரு குழாய் என்.எஃப்.எல்.-க்கும் எடுக்கச் சொன்னேன். டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொடுத்தார். இன்று காலை எடுத்தார்கள். அதே ஆய்வுக்கூடம், அதே மூடி. சீட்டின் பின்பக்கம் நானே எழுதி வைத்திருக்கிறேன்: எடை 71, கிரியேட்டினின் 0.9, மூன்று மாதத்தில் விழவில்லை, கழுத்தைக் குனிந்தால் மின்சாரம் இல்லை.

கடைசியைச் சரிபார்க்க நின்றுகொண்டே செருப்பு மாட்டிப் பார்த்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் எதற்கு என்று கேட்டார். பரிசோதனை என்றேன்.